பழைய கையடக்க ஆர்பிஜி கேம்கள்: சேகரிப்பது, மதிப்பிடுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் பாய் காலத்து ஆர்பிஜி (கதையோடு பாத்திரங்களை வளர்த்து ஆடும் கேம்) கார்ட்ரிட்ஜ்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் சுற்றிச் சுற்றி மூன்று விஷயங்களைத்தான் கேட்கிறார்கள்: இது அசலா, என்ன விலை போகும், சேவ் (விளையாடிய இடத்தின் பதிவு) ஏன் நிற்கவில்லை? அவற்றோடு சேர்ந்து வரும் சில்லறைக் கேள்விகளுக்கும் இங்கே பதில் இருக்கிறது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, தேவையானதற்குத் தாவிக்கொள்ளுங்கள்.

எது வரைக்கும் ‘ரெட்ரோ’ கணக்கு?

கறாரான கோடு கிடையாது. 1989-இல் வந்த கேம் பாய், பிறகு கேம் பாய் கலர், 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ், இவற்றை யாரும் மறுக்க மாட்டார்கள். நின்டெண்டோ டிஎஸ், சோனியின் பிஎஸ்பி இரண்டுமே 2004-இல் வந்தவை. இருபது வயது தாண்டிவிட்டதால் அவற்றையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். அவற்றுக்கு அடுத்து வந்த 3டிஎஸ், வீட்டா பற்றிச் சண்டை போட விருப்பமுள்ளவர்கள் போடலாம். சந்தை அவற்றை ஏற்கெனவே பழைய சரக்காகத்தான் பார்க்கிறது.

சேகா கேம் கியர், பண்டாய் வொண்டர்ஸ்வான், நியோ ஜியோ பாக்கெட் கலர் ஆகியவற்றிலும் நல்ல ஆர்பிஜிகள் உண்டு. ஆனால் கேம் கியரில் கெப்பாசிட்டர்கள் கசிந்து சத்தம் மங்கிப்போவது வாடிக்கை. கருவியைப் பழுது பார்க்க ஆள் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மற்ற பழைய கேம்கள் மலிவாகக் கிடைக்கும்போது ஆர்பிஜி மட்டும் ஏன் விலை இறங்குவதில்லை?

ஒரு விளையாட்டுப் போட்டி கேமுக்கு அடுத்த ஆண்டே புதிய பதிப்பு வந்துவிடும், பழையதைத் தேடுவார் இல்லை. ஆர்பிஜி அப்படியல்ல. அதில் ஒரு கதை இருக்கிறது, அந்தக் கதை வேறு எதிலும் இல்லை. அதோடு, பக்கம் பக்கமாக வசனம் உள்ள கேமை மொழிபெயர்க்கச் செலவு அதிகம் என்பதால் பல நிறுவனங்கள் ஜப்பானுக்கு வெளியே குறைவாகவே அச்சிட்டன, சில வெளியிடவே இல்லை. இன்னொன்று, வாங்கியவர்கள் நாற்பது ஐம்பது மணி நேரம் அதோடு வாழ்ந்திருப்பார்கள். எளிதில் விற்க மனம் வராது.

போகிமான் கோடிக்கணக்கில் விற்ற கேம் ஆயிற்றே. அது எப்படி ‘அரிய பொருள்’ ஆகும்?

ஆகாது. விற்பவர் ‘மிக அரியது’ என்று எழுதினால் அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுங்கள். முதல் தலைமுறையின் ரெட், கிரீன், ப்ளூ மூன்றும் சேர்ந்து உலகெங்கும் மூன்று கோடிக்கு மேல் விற்றவை. அட்வான்ஸுக்கு வந்த போகிமான் எமரால்டு ஏறக்குறைய எழுபது லட்சம். இவை எதுவும் அரிதல்ல. தேடுபவர்கள் அதைவிட அதிகம், அவ்வளவுதான் விஷயம். சிறுவயதில் விளையாடியவர்கள் இன்று சம்பாதிக்கும் வயதில் இருக்கிறார்கள், அதே கேமைத் திரும்ப வாங்குகிறார்கள்.

உண்மையிலேயே குறைவாக அச்சான கேம்கள் பல இன்னும் மலிவாகக் கிடக்கின்றன, காரணம் யாரும் அவற்றைத் தேடவில்லை. அரிது என்பது ஒரு கணக்கு, விலை என்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்தான் விற்பனையாளர்களின் செல்லப் பிள்ளை.

அரிதாக இருந்து தேவையும் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு 3டிஎஸ்ஸில் வந்த ‘ஃபயர் எம்ப்ளம் ஃபேட்ஸ்’ சிறப்புப் பதிப்பைப் பாருங்கள். அந்தக் கேமில் மூன்று கதைப் பாதைகள். தனித்தனியாக வந்தவற்றில் ஒன்றை வாங்கினால் மற்றதைத் தரவிறக்கிக்கொள்ள வேண்டும். சிறப்புப் பதிப்பில் மூன்றும் ஒரே கார்ட்ரிட்ஜில். 2023 மார்ச்சில் 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடையில் வாங்கும் வசதி மூடப்பட்ட பிறகு, மூன்று பாதையையும் புதிதாகப் பெற அந்தக் கார்ட்ரிட்ஜ்தான் வழி. இப்படி ஏறும் விலையில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஒரு கேமின் சரியான விலையை எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, ப்ரைஸ்சார்ட்டிங் தளம் அத்தகைய விற்பனைகளைத் தொகுத்து வரைபடமாகத் தருகிறது. கடைசியாக விற்ற ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், சில மாத விற்பனையை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதைப் பிடியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த நடுவிலையிலேயே போலிகளும் கலந்திருக்கும். போகிமான் போன்றவற்றில் மலிவாக விற்றதாகப் பதிவான பலவும் போலிதான். ஆகவே படத்தையும் திறந்து பாருங்கள். படமே இல்லாத விற்பனையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கார்ட்ரிட்ஜ் மட்டும், பெட்டியோடு முழுசாக, சீல் பிரிக்காதது: எதை வாங்குவது?

விளையாட வாங்குபவருக்கு வெறும் கார்ட்ரிட்ஜ் போதும். அதுதான் பணத்துக்கு மதிப்பு என்பது என் கட்சி.

பெட்டியோடு வாங்குவது வேறு ருசி. கேம் பாய், அட்வான்ஸ் கேம்கள் அட்டைப் பெட்டியில் வந்தன. கையில் கிடைத்ததும் பிள்ளைகள் முதலில் கிழித்துப் போட்டது அந்தப் பெட்டியைத்தான். அதனால் பல கேம்களில் காலிப் பெட்டியின் விலையே கார்ட்ரிட்ஜின் விலையை எட்டிப் பிடிக்கிறது. டிஎஸ்ஸுக்கு வந்த பிளாஸ்டிக் பெட்டியை யாரும் எறியவில்லை, எனவே அங்கே வித்தியாசம் குறைவு. ‘முழுசு’ என்று விற்பவர் சொன்னால் உள்ளே என்னென்ன என்று கேளுங்கள். அட்வான்ஸ் பெட்டிக்குள் கார்ட்ரிட்ஜைப் பிடித்து வைக்கும் மடிப்பு அட்டை ஒன்று இருக்கும். அது இல்லையென்றால் முழுசு இல்லை. கையேடு, வந்திருந்தால் போஸ்டர், வரைபடம் எல்லாம் அதே நாட்டுப் பதிப்பைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். டிஎஸ் போகிமான்களான ‘ஹார்ட்கோல்டு’, ‘சோல்சில்வர்’ என்றால் வெளியே பெரிய அட்டைப் பெட்டி, உள்ளே கேம் பெட்டி, அதோடு போகிவாக்கர் என்ற சின்ன நடைக்கருவி. போகிவாக்கர் இல்லாத பெட்டிக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

சீல் பிரிக்காததைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். திரும்பச் சுருக்கி ஒட்டிய பிளாஸ்டிக்கும் அசல் சீலும் தேர்ந்த கண்ணுக்கே குழப்பும். திறக்கவே முடியாத ஆர்பிஜியை வாங்கி என்ன செய்வது என்பது என் கேள்வி. முதலீடு என்று வாங்குபவர்களுக்கு வேறு பதில் இருக்கலாம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் நேரம் செலவழிக்க வேண்டிய இடம். அட்வான்ஸ், டிஎஸ் போகிமான்களில் போலிகள் மலிந்து கிடக்கின்றன, லேபிளைப் பார்த்தால் அசல் போலவே இருக்கும்.

அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜைத் தலைகீழாகப் பிடித்து, ஊசிகள் தெரியும் பிளவுக்குள் விளக்கொளியைக் காட்டுங்கள். அசலின் மின்சுற்றுப் பலகையில் ஊசிகளுக்குச் சற்று மேலே ‘நின்டெண்டோ’ என்று அச்சாகியிருக்கும். போலியில் பெரும்பாலும் வெறும் பச்சைப் பலகையோ, கோணலான எழுத்தோ இருக்கும். அடுத்து லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அசல் லேபிளில் இரண்டு எண்களும் சில சமயம் அவற்றோடு ஓர் எழுத்தும் மை இல்லாமல் அழுத்தப்பட்டிருக்கும். அது கண்ணுக்குச் சட்டென்று படாது, சாய்த்தால்தான் தெரியும். பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களிலும் இந்தப் பதிவு உண்டு.

லேபிளின் ஓரத்தில் உள்ள குறியீட்டையும் படியுங்கள். எமரால்டின் அமெரிக்கப் பதிப்பு என்றால் ‘ஏஜிபி-பிபிஇஇ-யுஎஸ்ஏ’. போலி தயாரிப்பவர்கள் ஒரே குறியீட்டை எல்லா லேபிளிலும் ஒட்டிவிடுவது உண்டு. இன்னொரு அட்வான்ஸ் போகிமானான ரூபியில் எமரால்டின் குறியீடு இருந்தால் சோலி முடிந்தது.

எமரால்டின் உறை ஒளி ஊடுருவும் பச்சை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பலகையும் வட்டமான பேட்டரியும் நிழலாகத் தெரிய வேண்டும். அடர்த்தியான, ஒளி புகாத பச்சை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். டிஎஸ்ஸில் ஹார்ட்கோல்டு, சோல்சில்வர், ப்ளாக், வைட் ஆகிய கேம்களின் கார்ட்ரிட்ஜில் அகச்சிவப்பு வசதி இருப்பதால் அவற்றின் உறை சாதாரண டிஎஸ் கார்ட்ரிட்ஜ் போலச் சாம்பல் நிறமல்ல, கறுப்பு. பலமான விளக்கைப் பின்னால் பிடித்தால் சிவப்பு கலந்து ஒளி கசியும். சாம்பல் நிற ஹார்ட்கோல்டு என்று ஒன்று கிடையவே கிடையாது.

மற்ற டிஎஸ் கேம்களுக்குப் பின்பக்கம் பாருங்கள். அங்கே உள்ள சிறிய எண்ணெழுத்து வரிசையின் தொடக்கம், முன்பக்க லேபிளின் நடுக் குறியீட்டோடு ஒத்துப்போக வேண்டும். போகிமான் பிளாட்டினத்தின் முன்னால் ‘சிபியுஇ’ என்றிருந்தால் பின்னாலும் அதே எழுத்துகளில்தான் தொடங்க வேண்டும்.

திறந்து பார்க்க முடிந்தால் எல்லாச் சந்தேகமும் தீரும். கேம் பாய்க்கு 3.8 மில்லிமீட்டர் தனித் திருகுமுனையும் அட்வான்ஸுக்கு மூன்று இதழ் கொண்ட திருகுமுனையும் தேவை. அட்வான்ஸ் போகிமானில் சாதாரண கூட்டல் வடிவத் திருகு இருந்தாலே சந்தேகப்படலாம். சில்லுகள் மேல் கறுப்புப் பசை உருண்டை ஊற்றியிருந்தால் சந்தேகம்கூடத் தேவையில்லை, போலிதான்.

கடைசியாக மிக எளிய சோதனை. ‘மதர் 3’ என்ற அட்வான்ஸ் ஆர்பிஜி ஜப்பானில் மட்டும் 2006-இல் வெளியானது, 2008-இல் ரசிகர்கள் அதை மொழிபெயர்த்தார்கள். எனவே ஆங்கிலத்தில் ஓடும் ‘மதர் 3’ கார்ட்ரிட்ஜ் எதுவானாலும் அசல் அல்ல. ஜப்பானில் மட்டும் வந்த ‘ஃபயர் எம்ப்ளம்: பைண்டிங் பிளேட்’ கேமுக்கும் இதே விதி.

போலி என்று தெரிந்தே வாங்கினால் என்ன தப்பு?

ஆர்பிஜியைப் பொறுத்தவரை தப்பு சேவில் இருக்கிறது. போலி அட்வான்ஸ் போகிமான்களில் இறுதிப் போட்டி முடிந்து வெற்றியாளர் பட்டியலில் ஏறும் நேரத்தில் சேவ் அழிந்துபோவது பரவலான புகார். டிஎஸ்ஸின் கீழ்த் துளையில் செருகி பழைய போகிமான்களைப் புதிய கேமுக்கு அழைத்துக்கொள்ளும் வசதியும் பல போலிகளில் வேலை செய்யாது. நாற்பது மணி நேர உழைப்பை அப்படி ஒரு பலகையில் வைக்க எனக்கு மனமில்லை.

சேவ் செய்து அணைத்தால், மறுபடி போடும்போது எதுவுமே இல்லை. கார்ட்ரிட்ஜ் செத்துவிட்டதா?

இல்லை, பேட்டரிதான் செத்திருக்கிறது. கேம் பாய் காலத்து ஆர்பிஜிகளில் சேவ் ஒரு தற்காலிக நினைவகச் சில்லில் இருக்கும். கருவியை அணைத்ததும் அதற்கு மின்சாரம் கொடுப்பது உள்ளே உள்ள நாணய பேட்டரி. அது தீர்ந்தால் சேவும் போய்விடும். கேம் வழக்கம்போல ஓடும்.

போகிமான் ரெட், ப்ளூவில் பொதுவாக சிஆர்1616, கோல்டு, சில்வர், கிரிஸ்டலில் சிஆர்2025. பெரிய பேட்டரி இருந்தும் கோல்டு, சில்வர்தான் முதலில் காலியாகின்றன. இரவும் பகலும் மாறுவதற்காக அவற்றில் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, பேட்டரியை அது தின்றுவிடுகிறது.

மாற்றும் முன்பு சேவைக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழைய பேட்டரியைக் கழற்றிய நொடியில் அது போய்விடும். ஜிபிஎக்ஸ்கார்ட், ஜிபி ஆபரேட்டர் போன்ற ரீடர்களில் கார்ட்ரிட்ஜைச் செருகினால் சேவைக் கணினிக்கு எடுத்து, பிறகு திரும்ப ஏற்றலாம். வாங்கும்போது உலோகப் பட்டை ஒட்டப்பட்ட பேட்டரியாக வாங்குங்கள். பேட்டரியின் மேலேயே சால்டரிங் இரும்பை வைப்பது ஆபத்து. செல்லோ டேப் ஒட்டி ஒப்பேற்றுவதும் வேண்டாம். ஒரு தட்டு தட்டினால் தொடர்பு விட்டுப்போகும், சேவும் கூடவே போகும்.

சரி, பேட்டரி மாற்றிய கார்ட்ரிட்ஜின் மதிப்பு குறையுமா? சுத்தமாகச் செய்திருந்தால் குறையாது, எனக்கு மதிப்பு கூடியதாகவே தோன்றும். விற்பவர் பலகையின் படத்தையும் காட்டினால் இன்னும் நல்லது.

ரூபி, சஃபையர், எமரால்டு போட்டதும் உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று வருகிறது. சேவ் போய்விடுமா?

போகாது. இவற்றில் சேவ் இருப்பது பேட்டரி தேவைப்படாத ஃபிளாஷ் நினைவகத்தில். பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். அது தீர்ந்தால் பெர்ரிச் செடிகள் வளராது, நேரத்தை நம்பிய வேறு சில நிகழ்வுகளும் நின்றுவிடும், கதையை முழுதாக முடிக்கலாம். அட்வான்ஸின் மற்ற போகிமான்களான ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் பேட்டரியே இல்லை. அவற்றைப் பேட்டரி மாற்றியது என்று சொல்லி விற்பவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

வாங்கிய கார்ட்ரிட்ஜில் யாரோ ஒருவரின் பழைய சேவ் இருக்கிறது. அழிக்கலாமா?

அழிக்கலாம், உங்கள் பொருள். ஆனால் முதலில் திறந்து பாருங்கள். யாரோ ஒரு பிள்ளை தன் நாயின் பெயரை வைத்த சாரிசார்டு என்ற போகிமான், நூறாம் நிலையைத் தொட்ட ஸ்டார்ட்டர் (தொடக்கத்தில் கிடைக்கும் போகிமான்), அதன் பக்கத்தில் பத்தாம் நிலையைத் தாண்டாத ஐந்து பேர், இப்படி ஏதாவது இருக்கும். ரீடர் இருந்தால் ஒரு காப்பி எடுத்து வைப்பேன். விலையில் இதற்கு எந்த இடமும் இல்லை.

அட்வான்ஸில் வந்த ‘கோல்டன் சன்’ விஷயத்தில் மட்டும் பழைய சேவுக்குப் பயனும் உண்டு. முதல் பாகத்தை முடித்த சேவிலிருந்து நிலை, பொருள்களை இரண்டாம் பாகமான ‘தி லாஸ்ட் ஏஜ்’ கேமுக்குக் கேபிள் வழியாகவோ கடவுச்சொல் வழியாகவோ கொண்டுபோகலாம். எல்லாவற்றையும் கொண்டுபோகும் கடவுச்சொல் 260 எழுத்து நீளம். எழுதி முடித்தவர்கள் எல்லோருமே ஒரே ஒரு எழுத்தைத் தவறவிட்டவர்கள்தான் போலிருக்கிறது.

ஜப்பானியப் பதிப்பு மலிவாகக் கிடைக்கிறது. என் கருவியில் ஓடுமா?

கேம் பாய், கலர், அட்வான்ஸ் மூன்றிலும் நாட்டுப் பூட்டு இல்லை. டிஎஸ்ஸிலும் இல்லை, டிஎஸ்ஸின் பிந்தைய வடிவமான டிஎஸ்ஐக்கென வந்த சில கேம்கள் மட்டும் விதிவிலக்கு. பிஎஸ்பி, வீட்டா கேம்களும் எங்கும் ஓடும். 3டிஎஸ்ஸில் பூட்டு உண்டு.

ஓடுவது வேறு, விளையாடுவது வேறு. சண்டை கேமை மொழி தெரியாமலே ஆடலாம், ஆர்பிஜியில் இரண்டாவது ஊரிலேயே மாட்டிக்கொள்வீர்கள். அழகுக்காக அலமாரியில் வைக்க ஜப்பானியப் பதிப்பைப் போல மலிவான வழி கிடையாது, அட்டைப் பெட்டியும் அங்கே பெரும்பாலும் நல்ல நிலையில் கிடைக்கும்.

ஒரே கேம், லேபிளில் இரண்டு வேறு நிறுவனங்களின் பெயர். ஒன்று போலியா?

எப்போதும் அப்படியில்லை. ஸ்கொயர் நிறுவனம் 1989 டிசம்பரில் ஜப்பானில் ‘சாகா’ கேமை வெளியிட்டது. பத்து லட்சத்தைத் தாண்டிய ஸ்கொயரின் முதல் கேம் அது. அமெரிக்காவில் ‘ஃபைனல் ஃபேன்டஸி லெஜண்ட்’ என்று பெயர் மாறியது. 1998-இல் அதையும் அதன் அடுத்த பாகங்களையும் சன்சாஃப்ட் மறுவெளியீடு செய்தது. இரண்டுமே அசல். சேகரிப்பவர்கள் இரண்டையும் தனித்தனிப் பொருளாகப் பார்ப்பார்கள், விலை பார்க்கும்போது எந்தப் பதிப்பின் விலை என்று கவனியுங்கள்.

புதிய கருவியில் மறுவெளியீடு வந்தால் பழையதின் விலை விழுமா?

வெறும் கார்ட்ரிட்ஜின் விலை கொஞ்சம் அசையலாம். கதையை மட்டும் விரும்பியவர்கள் விலகிப்போவார்கள். பெட்டியோடு உள்ளதைத் தேடுபவர்கள் விலகுவதில்லை. சில சமயம் மறுவெளியீடே புதிய ரசிகர்களைக் கொண்டுவந்து பழையதைத் தேட வைக்கிறது. 2024 ஜனவரியில் கோல்டன் சன் இரண்டு பாகங்களும் நின்டெண்டோவின் ஆன்லைன் சந்தாவுக்குள் வந்தன. முதன்முறையாக விளையாட விரும்புபவருக்கு அது போதும் என்பேன்.

தர மதிப்பெண் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்துத் தருகிறார்களே, செய்யலாமா?

விளையாடுபவருக்கு வேண்டாம். 2021 ஜூலையில் அப்படி மதிப்பெண் போட்ட, சீல் பிரிக்காத ‘சூப்பர் மரியோ 64’ ஒன்று ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அது கையடக்க கேம்கூட இல்லை, ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் பரணைத் துழாவத் தொடங்கினார்கள். அன்றைய சூட்டில் ஏறிய விலைகள் எல்லாம் அப்படியே நிற்கவில்லை.

பிஎஸ்பி ஆர்பிஜிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

பிஎஸ்பி கேம்கள் வந்த யுஎம்டி என்ற சின்னத் தட்டின் ஒளி ஊடுருவும் உறை ஒட்டு விட்டுப் பிரிந்துவிடும். தட்டில் கீறல் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், புது உறை மாற்றலாம். சேவ் மெமரி ஸ்டிக்கில் இருப்பதால் தட்டோடு யாருடைய சேவும் வராது. கருவியின் பேட்டரி உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அப்புறம், எல்லாம் தட்டில் வந்தவை என்று நினைக்க வேண்டாம். ‘டிரெய்ல்ஸ் இன் தி ஸ்கை’ கேமின் இரண்டாம் பாகம் ஆங்கிலத்தில் பிஎஸ்பிக்கு டிஜிட்டலாக மட்டுமே வந்தது. அதன் ஆங்கிலத் தட்டு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சுத்தம் செய்வது, வைப்பது எப்படி?

ஊசிகளுக்கு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும். விலை ஸ்டிக்கரைப் பிய்க்க முடிவெடுத்தால் முடி உலர்த்தியின் மிதமான சூட்டில் பசையை இளக்கிவிட்டு மெல்ல உரியுங்கள், அட்டைப் பெட்டியில் அதையும் யோசித்துச் செய்யுங்கள். லேபிள் வெயிலில் வெளுக்கும், அட்டை ஈரத்தில் உப்பும். பெட்டிகளுக்கு அமிலமில்லாத பிளாஸ்டிக் உறை வாங்கிப் போடலாம்.

விற்க நினைக்கிறேன். நல்ல விலைக்கு என்ன செய்ய வேண்டும்?

மேலே போலியைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்: பிளவுக்குள் தெரியும் எழுத்து, சாய்த்துப் பிடித்த லேபிள், பின்பக்கம், முடிந்தால் திறந்த பலகை. சேவ் நிற்கிறதா என்று ஓர் இரவு விட்டுச் சோதித்து அதையும் எழுதுங்கள். கிழிசல், மங்கல், பேனா எழுத்து எதையும் மறைக்காதீர்கள். வாங்குபவர் எப்படியும் கண்டுபிடிப்பார், பிறகு பாதி விலை திருப்பிக் கேட்பார். பல கேம்களை மொத்தமாகத் தள்ளிவிட்டால் வேலை குறையும், பணமும் குறையும். போகிமான்களைத் தனித்தனியாக விற்று, மிச்சத்தை மட்டும் மொத்தமாகக் கொடுப்பதுதான் நான் பின்பற்றும் வழி.